பர்கண்டியின் பொன் சரிவு: முதன்முறை போகிறவர்களுக்கு

பிரான்சில் ஒயின் விளையும் ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போர்தோவுக்கோ ஷாம்பேனுக்கோ டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே நல்ல தேர்வுதான். ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் பர்கண்டிக்குப் போகச் சொல்வேன். அங்கே பாட்டிலில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் திராட்சையின் பெயரல்ல, நிலத்தின் பெயர். சில சமயம் ஒரு ஊர், சில சமயம் ஒரே ஒரு வயல். அந்த வயலைத் தேடி நடந்தே போகலாம். அதன் கல்சுவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, மாலையில் அதே வயலின் ஒயினைச் சுவைக்கலாம். இப்படி ஊரும் சுவையும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் இடம் அதிகமில்லை.

ஒயினைப் பற்றி எதுவும் தெரியாது என்றாலும் தயங்க வேண்டாம். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். பழைய ஊர், நடைபாதை, சமையல், வரலாறு என்று பார்க்க நிறைய இருக்கிறது.

முதலில் வரைபடத்தை எடுங்கள்

பர்கண்டி பெரிய பகுதி. வடக்கே ஷாப்லியிலிருந்து தெற்கே மாக்கோன் பக்கம்வரை நீள்கிறது. முதல் பயணத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். 'கோத் தோர்' எனும் ஒரு சரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொன் சரிவு என்று பொருள். டிஜோன் நகரின் தெற்கு ஓரத்தில் தொடங்கி சாந்த்னே ஊர்வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அகலமோ பல இடங்களில் ஓரிரண்டு கிலோமீட்டர்தான். உலகத்தில் மிக அதிக விலைக்குப் போகும் ஒயின்களில் பல இந்த ஒல்லியான பட்டையிலிருந்து வருகின்றன.

வடபாதிக்குக் கோத் த நுயி என்று பெயர். அங்கே பெரும்பாலும் சிவப்பு ஒயின், பீனோ நுவார் திராட்சையிலிருந்து. தென்பாதி கோத் த போன். அங்கே சிவப்பும் உண்டு, ஷார்டொனே திராட்சையிலிருந்து புகழ்பெற்ற வெள்ளையும் உண்டு. திராட்சை வகையைப் பற்றி இதற்கு மேல் இப்போதைக்குத் தெரிய வேண்டாம்.

தெரிய வேண்டியது சரிவின் அமைப்பு. மேற்கே குன்று, அதன் தலையில் காடு. அங்கிருந்து கிழக்கு நோக்கி நிலம் இறங்குகிறது. ஆகவே காலை வெயில் முழுதாக விழும். உச்சியில் மண் மெல்லியது, குளிர் அதிகம். அடிவாரத்தில் களிமண் ஆழமாக இருக்கும், தண்ணீர் தேங்கும். இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்புக்கல்லும் களியும் சரியாகக் கலந்த இடுப்புப் பகுதி இருக்கிறது. சிறந்த வயல்கள் எல்லாம் அங்கேதான். அடிவாரத்தில் ஓடும் டி974 சாலைக்கு மேற்கே பெயர்பெற்ற வயல்கள், கிழக்கே சாதாரண வயல்கள் என்று மனத்தில் வைத்துக்கொண்டால், முதல் நாளே சரிவைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஊர்ப்பெயர் உச்சரிப்பும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். இந்தச் சரிவின் முக்கிய நகரான Beaune-ஐ ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்து 'பியூன்' எங்கே என்று கேட்டால் யாருக்கும் புரியாது. 'போன்' என்று ஓகாரத்தை நீட்டிச் சொல்லுங்கள். மோன்ராஷே (Montrachet) என்ற வயலின் பெயரில் நடுவே உள்ள 't' ஒலிக்காது. வோன்-ரொமானே (Vosne-Romanée) என்ற ஊர்ப்பெயரில் 's' ஒலிக்காது.

கதை தெரிந்தால் சுவர்கள் பேசும்

கல்சுவர்களை வெறுமனே படம் எடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோமானியர் காலத்திலேயே இங்கே கொடி வளர்ந்தது. கி.பி. 312-இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் முன் நிகழ்ந்த ஓர் உரையில் இந்தப் பக்கத்துத் திராட்சைக் கொடிகளைப் பற்றிப் பேச்சு வருகிறது. கொடிகள் கிழடாகி வேர்கள் பின்னிக் கிடக்கின்றன என்ற புலம்பல் அது. அப்போதே கிழடு என்றால், நட்டது எவ்வளவு முன்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ரோமானியர் போன பிறகு நிலத்தைப் பொறுமையாகப் படித்தவர்கள் துறவிகள். 910-இல் க்ளூனி மடம் தோன்றியது. 1098-இல், டிஜோனுக்குத் தெற்கே சதுப்புக் காட்டில் சீத்தோ மடம். உழைப்பும் ஒரு வழிபாடு என்ற கண்டிப்பான ஒழுங்கு கொண்டவர்கள் சீத்தோ துறவிகள். 12-ஆம் நூற்றாண்டில் வூஜோ ஊரில் நிலம் சேர்க்கத் தொடங்கி, பிறகு அதைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பினார்கள். அதுதான் க்ளோ த வூஜோ. 'க்ளோ' என்றால் சுவர் சூழ்ந்த தோட்டம். துறவிகள் மண்ணை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையை விடுங்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் வேலை செய்து, எந்த மூலையில் காய் முந்திப் பழுக்கிறது, எந்த மூலையில் பனி தங்குகிறது என்று கவனித்திருக்கிறார்கள். ஒரு மடத்துக்குச் சாவு கிடையாது. ஒருவர் கண்டதை அடுத்தவர் தொடரலாம். பர்கண்டி முழுவதும் அந்தக் கவனிப்பின் மேல்தான் நிற்கிறது.

இப்படிப் பிரித்து அறியப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் 'க்ளிமா' என்று பெயர். தட்பவெப்பத்தைக் குறிக்கும் சொல்தான், ஆனால் இங்கே அதற்குப் பெயரும் எல்லையும் உள்ள வயல் என்று பொருள். 2015-இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மொத்தம் 1,247 க்ளிமாக்கள்.

மடங்களோடு பிரபுக்களும் வருகிறார்கள். 1395-இல் பர்கண்டி கோமகன் 'துணிவுள்ள' பிலிப், காமே என்ற திராட்சையைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். காமே எளிதாக விளையும், கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பயிர் செய்கிறவருக்கு அதுதான் லாபம். கோமகனுக்கோ தன் நாட்டு ஒயினின் பெயர் கெட்டுவிடக் கூடாது. மிக மோசமான, துரோகமான செடி என்றே அந்த ஆணை அதைத் திட்டுகிறது. காமே இந்தச் சரிவிலிருந்து ஒரே நாளில் போய்விடவில்லை, ஆனாலும் பீனோ நுவார்தான் இங்கே ராஜா என்பது அப்போதே முடிவாகிவிட்டது. தெற்கே உள்ள பொஜொலே பகுதியின் கருங்கல் மண் பிற்பாடு காமேவுக்கு நல்ல வீடாக அமைந்தது.

1789 புரட்சி எல்லாவற்றையும் புரட்டியது. மடங்களின் நிலத்தை அரசு பறிமுதல் செய்து ஏலம் விட்டது. பிறகு 1804-இல் நெப்போலியனின் சட்டத் தொகுப்பு வந்தது. பிள்ளைகளுக்குச் சொத்தில் சம பங்கு. பாகப்பிரிவினை நடக்க நடக்க வயல்கள் துண்டாகின. நான்கு வரிசைக் கொடி ஒருவருக்கு, அடுத்த ஆறு வரிசை இன்னொருவருக்கு. ஆனால் க்ளோ த வூஜோ முழுசாகக் கைமாறிக்கொண்டு வந்து, 1889-இல்தான் பிரிந்தது. சுமார் 50 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 125 ஏக்கர். இன்று அதற்குள் சுமார் 80 உரிமையாளர்கள். ஒரே சுவருக்குள் விளைந்தாலும் ஒவ்வொருவர் ஒயினும் வேறு. வயலின் பெயரோடு தயாரித்தவர் பெயரையும் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அதே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரிடி விழுந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலோக்செரா என்ற நுண்ணிய பூச்சி 1878-இல் மெர்சோ ஊர்ப் பக்கம் தென்பட்டது. வேரை உறிஞ்சிக் கொடியைச் சாகடிக்கும் பூச்சி. அதைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். இன்று நீங்கள் பார்க்கப்போகும் கொடிகளும் ஏறக்குறைய எல்லாமே ஒட்டுச் செடிகள்தான்.

லேபிளைப் படிப்பது எப்படி

பிரான்சின் 1935 ஒயின் பெயர்ச் சட்டத்துக்குப் பிறகு பர்கண்டியின் ஒயின்கள் நான்கு படிகளில் அமைந்தன. கீழ்ப்படியில் பகுதிப் பெயர் மட்டும்: 'பூர்கோஞ்', பர்கண்டி என்பதன் பிரெஞ்சுப் பெயர். அதற்கு மேலே ஊர்ப்பெயர்: பொமார், மெர்சோ போல. மூன்றாவது ப்ருமியே க்ரூ. இதில் ஊர்ப்பெயரும் வயல் பெயரும் சேர்ந்து வரும். உச்சியில் கிராண்ட் க்ரூ. அங்கே வயலின் பெயர் மட்டும் போதும், ஊரைச் சொல்ல வேண்டியதில்லை. மொத்தம் 33 கிராண்ட் க்ரூக்கள். பர்கண்டியின் விளைச்சலில் ஒரு சதவீத அளவுதான்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பல ஊர்கள் தங்கள் ஊரின் புகழ்பெற்ற வயலின் பெயரைத் தம் பெயரோடு ஒட்டிக்கொண்டன. ஜெவ்ரி என்ற ஊர் 1847-இல் ஜெவ்ரி-ஷாம்பெர்தேன் ஆனது. ஆகவே 'ஷாம்பெர்தேன்' என்று தனியாக இருந்தால் அது கிராண்ட் க்ரூ வயல். 'ஜெவ்ரி-ஷாம்பெர்தேன்' என்றால் ஊர் ஒயின். விலையில் பல மடங்கு வேறுபாடு. மோன்ராஷே வயல் புலிஞ்யி, ஷாசாஞ் என்ற இரண்டு ஊர்களின் எல்லையில் கிடக்கிறது. இரண்டு ஊரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுமே பெயரில் மோன்ராஷேவைச் சேர்த்துக்கொண்டன.

எப்போது போவது

மே முதல் ஜூன் வரை, இல்லையென்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை. என் விருப்பம் அக்டோபர்தான். அறுவடை முடிந்து, இலைகள் மஞ்சளாகும் காலம். பொன் சரிவு என்ற பெயர் அப்போது கண்முன்னே தெரியும்.

அறுவடை வழக்கமாக செப்டம்பரில் நடக்கும். இப்போதெல்லாம் வெப்பம் கூடி, சில ஆண்டு ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் அந்த நாட்களில் விவசாயிகளுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. ஏப்ரலில் போனால் பனிக்குப் பயந்து இரவில் கொடி வரிசைகளுக்கிடையே மெழுகுத்தீ ஏற்றி வைப்பதைச் சில இடங்களில் காணலாம். நவம்பர் மூன்றாம் ஞாயிறு போன் நகரில் பெரிய ஒயின் ஏலம். அந்த வாரம் அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறும். முதல் பயணத்துக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

பாரிசின் கார் த லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் டிஜோன் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். டிஜோனிலிருந்து போன் நகருக்கு உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். அதிவேக ரயிலுக்கு முன்கூட்டியே வாங்கினால் கட்டணம் குறையும். உள்ளூர் ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு உள்ள பயண மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

தங்குவதற்கு போன் நகரம்தான் வசதி. சுற்றிலும் பழைய கோட்டை மதில், உள்ளே எல்லாம் நடை தூரம், தரைக்கடியில் நிலவறைகள். செலவு கொஞ்சம் குறைய வேண்டுமென்றால் டிஜோனில் தங்கி ரயிலில் போய் வரலாம். நான்கு இரவு இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

கார் வாடகைக்கு எடுப்பீர்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். பிரான்சில் ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் மதுவுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு சிறு கிளாசிலேயே அந்த அளவை எட்டிவிடலாம். சுவைக்கப் போகும் நாளில் காரே வேண்டாம்.

முதல் நாள்: டிஜோன்

அரை நாள் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் ஒரு முழு நாள் கொடுப்பேன். கோமகன்களின் அரண்மனையில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே துணிவுள்ள பிலிப்பின் கல்லறையைப் பாருங்கள். அடியில் துக்கம் கொண்டாடும் துறவிகளின் சிறு சிற்பங்கள், ஒவ்வொருவர் முகத்திலும் அங்கி மடிப்பிலும் ஒரு தனித் துயரம். காமே செடியைத் திட்டி ஆணை போட்டவரின் கல்லறை இதுதான் என்று நினைத்துக்கொண்டே நின்றால், பாடப்புத்தக வரலாறு கிட்டே வந்துவிடும். அருகிலுள்ள நோத்ர் தாம் தேவாலயச் சுவரில் ஒரு சின்ன ஆந்தைச் சிற்பம், தொட்டுத் தொட்டுத் தேய்ந்துபோயிருக்கும். இடக்கையால் தொட்டு ஏதாவது வேண்டிக்கொள்வது ஊர் வழக்கம்.

இரண்டாம் நாள்: போன் நகரின் ஏழைகள் மருத்துவமனை

ஓத்தெல்-தியோ. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நுழைவுச்சீட்டு வாங்குவேன் என்றால் இதற்கு வாங்குங்கள்.

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான நூற்றாண்டுப் போர் ஓய்ந்தும் ஓயாத காலம். பஞ்சம், கொள்ளை. 1443-இல் கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலேனும் அவர் மனைவி கீகோன் த சாலேனும் ஏழைகளுக்காக இந்த மருத்துவமனையை நிறுவினார்கள். 1452 ஜனவரி 1 அன்று முதல் நோயாளி வந்தார். 1971 வரை இது மருத்துவமனையாகவே நடந்தது. வெளியே தெருவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கல்லோட்டுக் கூரை, அடக்கமான கட்டடம். உள்முற்றத்துக்குள் நுழைந்ததும் மஞ்சள், பச்சை, சிவப்பு, பழுப்பு என்று வண்ண ஓடுகள் பளபளக்கும்.

ஏழைகளின் கூடத்தில் இருபுறமும் சிவப்புத் திரையிட்ட கட்டில்கள். படுத்தபடியே வழிபாட்டைக் காணும்படி கூடத்தின் கோடியில் தேவாலயம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தரை ஓட்டில் ஒரு சொல்லும் ஒரு நட்சத்திரமும் திரும்பத் திரும்ப வரும். 'ஒருத்தியே' என்பது அதன் பொருள், மனைவிக்கு ரோலேன் சொன்னது. கணவர் இறந்த பிறகு கீகோன் இங்கேயே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, 1470-இல் இறந்து, இந்தத் தேவாலயத்திலேயே அடக்கமானார். அந்த ஓடுகளின் மேல் நடக்கும்போது எனக்குக் கால் தயங்கியது. ரோஜியே வான் தெர் வைடன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். அங்கே அவசரப்படாதீர்கள்.

பல நூற்றாண்டுகளாகக் கொடையாளர்கள் இந்த மருத்துவமனைக்குத் திராட்சை நிலங்களை எழுதி வைத்தார்கள். இன்று சுமார் 60 ஹெக்டேர். அந்த ஒயினைத்தான் 1859 முதல் நவம்பரில் ஏலம் விடுகிறார்கள். வருமானம் இன்றும் மருத்துவப் பணிக்குப் போகிறது.

மூன்றாம் நாள்: சைக்கிள்

போன் நகரில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். அங்கிருந்து சாந்த்னேவரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் பாதை ஒன்று போகிறது, சுமார் 22 கிலோமீட்டர். பொமார், வொல்னே, மெர்சோ, புலிஞ்யி, ஷாசாஞ் என்று ஊர்கள் வரிசையாக வரும். முதலிரண்டும் சிவப்பு ஒயினுக்கு, பின்னால் வருபவை வெள்ளைக்குப் பெயர்பெற்றவை. முழுதும் போக முடியாவிட்டால் மெர்சோவில் நகரமன்றத்தின் வண்ணக் கூரையைப் பார்த்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பலாம். மேடு பள்ளம் உண்டு, சைக்கிள் பழக்கம் விட்டுப்போனவர்கள் மின்சார சைக்கிளாக எடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். தோட்டத்துக்குள் நிழல் கிடையாது.

கொடி வரிசைக்குள் இறங்காதீர்கள். பழத்தில் கை வைக்காதீர்கள். கொடிகளுக்கு மேலாகக் கால் பரப்பி நகரும் உயரமான டிராக்டர் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள்.

நான்காம் நாள்: வூஜோவும் வோன்-ரொமானேயும்

ரயிலில் வூஜோ நிலையத்தில் இறங்கி, மேற்கே நடந்தால் க்ளோ த வூஜோவின் மதில் வரும். உள்ளே உள்ள மாளிகை 1551-இல் கட்டியது. அதைவிடப் பழையவை துறவிகள் கட்டிய ஒயின் கூடமும், நான்கு பிரம்மாண்டமான மரச் செக்குகளும். திராட்சை பிழியும் அந்த மர உத்தரங்களைப் பார்த்தாலே, இந்த வேலைக்கு எத்தனை பேர் தோள் கொடுத்திருப்பார்கள் என்று தெரியும்.

அங்கிருந்து தெற்கே வோன்-ரொமானே நடக்கும் தூரம்தான். ஊருக்கு மேலே ஒரு கல் சிலுவை, அதன் பின்னே ரொமானே-கோன்தி. 1.8 ஹெக்டேர், நாலரை ஏக்கர்கூட முழுசாக இல்லை. உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று இந்த வயலில் விளைகிறது. 1760-இல் கோன்தி இளவரசர் வாங்கியதால் அந்தப் பெயர். காவல் இல்லை, கம்பி வேலி இல்லை, இடுப்பளவு சுவர்தான். பாதையிலேயே நின்று பாருங்கள் என்று ஓர் அறிவிப்பு மட்டும் கேட்டுக்கொள்கிறது. பக்கத்து வயல் கொடிகளுக்கும் இதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அங்கே நின்றபோதுதான் 'க்ளிமா' என்ற சொல் எனக்கு முழுதாகப் புரிந்தது.

நிலவறையில் சுவைக்கும்போது

பெரும்பாலான உற்பத்தியாளர்கள் சிறு குடும்பங்கள். முன்பதிவு இல்லாமல் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள், புகழ்பெற்ற சிலர் பார்வையாளர்களைச் சேர்ப்பதே இல்லை. முதல் தடவை நான் எழுதிக் கேட்காமல் போய், பகல் 12 மணிக்கு மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டே ஓர் ஊரைச் சுற்றி வந்தேன். 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம். ஞாயிறும் பல இடங்கள் மூடியிருக்கும். இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எளிதாக வேண்டுமென்றால் போன் நகரிலுள்ள வணிக நிறுவனங்களின் நிலவறைகளுக்குப் போகலாம், அங்கே கட்டணம் கட்டிச் சுற்றிப் பார்த்துச் சுவைக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. ஊற்றித் தந்தால் கிளாசைத் தண்டில் பிடித்து மெல்லச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் புரளவிட்டு, பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம். துப்புவது அவமரியாதை அல்ல, விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். ஊர் ஒயினையும் ப்ருமியே க்ரூவையும் அடுத்தடுத்துக் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றாலும் சொல்லிவிடுங்கள். வித்தியாசம் எங்கே என்று அவர்களே பொறுமையாகக் காட்டுவார்கள்.

சாப்பாடு

ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சி, பூண்டு வெண்ணெயில் நத்தை, ஒயின் சாற்றில் முட்டை. இவை மூன்றும் ஊர்ச் சிறப்பு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பன்றிக்கொழுப்பு பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், காய்கறிப் பண்டத்திலும் துண்டு போட்டிருப்பார்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் 'கூஜேர்' எனும், பாலாடைக்கட்டி சேர்த்து அடுப்பில் சுட்ட உப்பிய உருண்டை ரொட்டிக் கடைகளில் கிடைக்கும், சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். எப்புவாஸ் பாலாடைக்கட்டியைத் திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சாராயத்தால் கழுவிக் கழுவிப் பக்குவப்படுத்துகிறார்கள். நாற்றத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், உள்ளே வெண்ணெய் போல இருக்கும். சீத்தோ மடத்தில் இன்றும் துறவிகள் இருக்கிறார்கள், அவர்கள் செய்யும் பாலாடைக்கட்டிக்கு நல்ல பெயர். மது தொடாதவர்களுக்குக் கருந்திராட்சை போன்ற 'காசிஸ்' பழத்தின் சாறும் ஜாமும் உண்டு. டிஜோனின் கடுகுச் சாந்தையும் தேன் மணக்கும் மசாலா ரொட்டியையும் தவறவிடாதீர்கள்.

வாங்கி வருவது

கிராண்ட் க்ரூ வாங்கும் ஆசையை முதல் பயணத்தில் ஒத்திவையுங்கள். நடந்து பார்த்த ஊரின் ஊர் ஒயின் ஒன்று, ஒரு நல்ல 'பூர்கோஞ்' ஒன்று போதும். இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் மதுதான் கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்து, விமானத்தில் ஒப்படைக்கும் சாமானோடு அனுப்புங்கள். கைப்பையில் எடுத்துப்போக விடமாட்டார்கள்.

கடைசி நாள் போன் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு ரயில் ஏறும்போது இடப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். நுயி, வூஜோ, ஜெவ்ரி என்று நிலையங்கள் வரும். சன்னலுக்கு வெளியே சரிவு கூடவே ஓடிவரும்: மேலே காடு, நடுவில் சுவர் கட்டிய வயல்கள், கீழே சாலை. வூஜோ நெருங்கும்போது மதிலையும் மாளிகைக் கூரையையும் தேடுங்கள், நீங்கள் நடந்த பாதை அதன் ஓரமாக மேலேறிப் போவது தெரியும்.